ஏஐ உருவாக்கும் திரைகள்: ஓராண்டுக்கு மேல் பயன்படுத்திய அனுபவம்

சிறு கடைகளுக்கு பில்லிங், சரக்கு இருப்பு மென்பொருள் செய்து தருவது என் தொழில். வெர்செல் நிறுவனத்தின் வி0 என்ற ஏஐ கருவி 2023-இல் வந்த பிறகு, இந்த வகைக் கருவிகள் வரிசையாக வந்துவிட்டன. என்ன வேண்டும் என்று எழுதினால் போதும், ரியாக்ட், டெயில்விண்ட் (வலைப் பக்கம் செய்ய உதவும் நிரல் தொகுப்புகள்) கோடோடு மென்பொருளின் திரை தயாராகிவிடும். ஒன்றிரண்டை மாற்றி மாற்றிப் பயன்படுத்தி வருகிறேன். கீழே சொல்லும் குறைகள் எல்லாவற்றிலும் பார்த்தவை.

பெரிய லாபம் வேகம் மட்டுமல்ல. பேப்பரில் வரைந்து காட்டினால் கடைக்காரர் "நல்லாருக்கு தம்பி" என்று சொல்லி முடித்துவிடுவார். அழுத்தினால் வேலை செய்யும் திரையைக் கொடுத்தால்தான் "பாக்கித் தொகை மேல வரட்டும், இந்தக் கட்டம் எதுக்கு?" என்று கேட்கிறார். அங்கேயே உட்கார்ந்து மாற்றிக் காட்டிவிடலாம். இதற்காகவே இதை நான் விடமாட்டேன்.

தமிழ் என்று வந்ததும் சிக்கல் தொடங்குகிறது. 'டியூ' என்று இருந்த இடத்தில் 'நிலுவைத் தொகை' வந்ததும், அகலம் நிலையாக வைத்த பட்டன் எழுத்தைப் பாதியில் வெட்டுகிறது. வரி உயரத்தை நெருக்கிவிட்டால் 'கி', 'கீ' மேலேயும் 'மூ', 'ழு' கீழேயும் நறுக்கப்படுகின்றன. எந்த ஃபான்ட் என்று கேட்காமலே கருவி இன்டர் என்ற ஃபான்டைப் போடும். அதில் தமிழ் எழுத்தே கிடையாது. அதனால் விண்டோஸில் ஒரு மாதிரி, ஆண்ட்ராய்டில் வேறு மாதிரி தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ் ஃபான்ட், வரி உயரம் எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு, நிலையான அகலம் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. தொகையும் அப்படித்தான்: 'என்-ஐஎன்' (இந்திய முறை) வடிவம் என்று சொல்லாவிட்டால் 1,25,000 என்பது 125,000 ஆகிவிடும்.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது கீபோர்டு விஷயத்தில். பில் போடும் பெண்கள் மவுஸைத் தொடவே மாட்டார்கள். டேப், என்டர், எண்கள், அவ்வளவுதான். ஏஐ பல நேரம் பட்டனுக்குப் பதிலாக வெறும் 'டிவ்' (பக்கத்தில் இடம் பிடிக்கும் சாதாரணப் பெட்டி) ஒன்றை பட்டன் மாதிரி அலங்கரித்து வைக்கிறது. டேப் அதைத் தாண்டிப் போய்விடும். கூட்டம் நெரிக்கும் மாலையில் ஒவ்வொரு பில்லுக்கும் மவுஸைத் தேடுவது எவ்வளவு பெரிய தொல்லை! வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து இன்னொரு வழக்கம். சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 கான்ட்ராஸ்ட் வேண்டும் என்கிறது டபிள்யூசிஏஜி, அதாவது வலைப் பக்கங்களை எல்லோரும் பயன்படுத்த முடிவதற்கான வழிகாட்டி. கடையின் பழைய மானிட்டரில் அதற்குக் கீழே போனால் படிக்கவே முடியாது.

இன்னொன்று, கருவி தருவது எல்லாம் நன்றாக நடக்கும் திரை. பொருளே இல்லாத பட்டியல், நெட் போன நேரம், இரண்டு வரி நீளும் பொருள் பெயர், இவற்றை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

இப்போது ரிப்போர்ட், செட்டிங்ஸ், வாடிக்கையாளர் பட்டியல் எல்லாம் ஏஐ செய்கிறது. பில் போடும் திரையை மட்டும் நானே எழுதுகிறேன்.