டாங் மீன்களுக்கான நோரித் தாள்: ஒரு மதிப்பீடு

500 லிட்டருக்கு மேற்பட்ட கடல்நீர்த் தொட்டியில் மஞ்சள் டாங், பவுடர் புளூ டாங் போன்ற பாசி மேயும் மீன்களை வளர்ப்பவர்களுக்கு, உப்போ மசாலாவோ சேர்க்காத இந்த நோரித் தாள் (உலர்த்திய கடற்பாசித் தாள்) நல்ல தீனி. கிளிப்பில் செருகிக் கண்ணாடியில் ஒட்டியதும் டாங்குகள் ஓரத்தைக் கொத்திக் கிழிக்கின்றன. கோமாளி மீன்களோ எட்டிப் பார்த்துவிட்டு விலகுகின்றன, அவற்றுக்கு உறைந்த மைசிஸ் இறாலே பிரியம். உடல்வடிவம் ஒத்த மீன்களைப் பவுடர் புளூ விரட்டும் என்பதால், தொட்டியின் இரு முனைகளிலும் தனித்தனியே தாள் வைப்பது அவசியம். பாக்கெட்டுடன் வரும் கிளிப் மட்டும் மட்டமானது: பாசி படிந்த கண்ணாடியில் நிற்பதேயில்லை. மிஞ்சிய துண்டுகளை அன்றே அகற்றாவிட்டால் அவை அழுகி, நீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏறும். சுஷி என்னும் ஜப்பானிய உணவுக்கு விற்கும் நோரித் தாளும், எண்ணெய் தடவாததாக இருந்தால், இதே வேலையைச் செய்கிறது. விலையைப் பார்த்தால் அடுத்த முறை அதையே வாங்குவேன்.