பழைய மாருதியின் பெட்ரோல் முள்ளுக்கு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதுமா?

சென்னை ரிட்சி தெருவில் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கி வைத்திருப்பார்களே, மேலே சின்னத் திரை, நடுவில் வட்டக் குமிழ், கீழே மூன்று துளை, வோல்ட், ஓம், ஆம்பியர் எல்லாம் அளக்கும் அந்த 830 வகை டிஜிட்டல் மல்டிமீட்டரைப் பற்றித்தான் எழுதுகிறேன். உடம்பு எல்லாம் ஒன்றுதான், பெயர்தான் கடைக்குக் கடை மாறும், நான் வாங்கியதில் பெயரே இல்லை. விலை முந்நூறு ரூபாய்க்குள். வீட்டு எலக்ட்ரானிக்ஸ் வேலைக்கு இது எப்படி என்று பலர் எழுதிவிட்டார்கள். கார்புரேட்டர் காலத்து மாருதி 800 மாதிரி ஒரு பழைய வண்டியில் மீட்டர் போர்டு முள் தகராறு செய்தால் இது உதவுமா என்பதை மட்டும் பார்க்கிறேன். உதவும், நன்றாகவே உதவும், கூட ஒரு சின்ன 12 வோல்ட் பல்பும் இருந்தால்.

என் வண்டியில் பெட்ரோல் முள் பாதிக்கு மேல் ஏறாது. டேங்க் வழிய நிரப்பினாலும் பாதிதான். காட்டிய இடத்தில் சாவியைப் போட்டுப் பார்த்துவிட்டு, மீட்டர் போர்டு போய்விட்டது, மாற்றிவிடலாம் என்றார்கள். ஒரு வயரைக்கூடத் தொட்டுப் பார்க்கவில்லை. இதுதான் எனக்கு மனசு ஆறவே மாட்டாத விஷயம். 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது, பழைய மாடலுக்குப் புதிய மீட்டர் போர்டு சுலபமாகக் கிடைக்காது, புதுப்பேட்டையில் தேடினால் எந்த வண்டியிலிருந்தோ கழற்றியது கிடைக்கும், அது என்ன நிலையில் இருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதையும் வாங்கி மாட்டிய பிறகு முள் அதே பாதியில் நின்றால் என்ன செய்வது?

வண்டியின் பெட்ரோல் மீட்டர் வேலை செய்யும் விதம் மிகவும் எளிமையானது. டேங்குக்குள் ஒரு மிதவை, அதாவது ஃப்ளோட். அது ஏறி இறங்கும்போது அதோடு சேர்ந்த ஒரு மின்தடையின் அளவு மாறும். சுசுகி குடும்பத்துப் பழைய வண்டிகளில் டேங்க் நிறைந்திருந்தால் சில ஓம்தான் இருக்கும், பாதியில் முப்பதைச் சுற்றி வரும், காலியானால் நூறைத் தாண்டும். மீட்டரிலிருந்து வரும் மின்சாரம் இந்தத் தடை வழியாகப் பாடிக்கு, அதாவது எர்த்துக்குப் போகிறது. தடை குறைவாக இருந்தால் மின்சாரம் அதிகம், முள் மேலே. தடை கூடினால் முள் கீழே. வேறு சில கம்பெனி வண்டிகளில் இது தலைகீழாக இருக்கும், அதனால் உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலை ஒரு தரம் பார்த்துவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

சரி, இப்போது கணக்கைப் பாருங்கள். டேங்க் நிறைந்திருக்கிறது, முள் பாதி என்கிறது. அப்படியென்றால் வழியில் எங்கோ ஒரு முப்பது ஓம் வேண்டாத விருந்தாளியாக உட்கார்ந்திருக்கிறது. அது மீட்டர் போர்டுக்குள்ளேயா, வயரிலா, கனெக்டரிலா, எர்த்திலா, ஃப்ளோட்டிலா என்பதைக் கண்டுபிடிப்பதுதான் வேலை, அதற்குத்தான் இந்த மல்டிமீட்டர்.

சாவியை எடுத்துவிட்டு, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, டேங்கிலிருந்து வரும் கனெக்டரைப் பிரித்து, குமிழை 200 ஓமில் வைத்தேன். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விலைக்கு வரும் வயர்களுக்கே அரை ஓம், ஒரு ஓம் இருக்கும், அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். ஃப்ளோட்டின் இரண்டு முனைகளுக்கு நடுவே வைத்தால் நாலு ஓம் சொச்சம். ஃப்ளோட் நன்றாக இருக்கிறது. கருப்பு முனையை மட்டும் எடுத்து வண்டியின் பாடியில் பெயிண்ட் இல்லாத இடத்தில் வைத்தால் முப்பத்தைந்தை ஒட்டி வந்தது. அவ்வளவுதான், எர்த் வயர் பாடியில் சேரும் இடத்தில்தான் கோளாறு. மீட்டர் போர்டைக் கழற்றவே வேண்டியதில்லை.

இந்த வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள், பக்கத்தில் பீடி, சிகரெட், கிரைண்டர் எதுவும் இருக்கக் கூடாது. ஓம் அளக்க இந்த மீட்டர் அனுப்பும் மின்சாரம் மிகமிகக் குறைவுதான், ஆனாலும் ஃப்ளோட்டை டேங்கிலிருந்து வெளியே எடுத்த நிலையில் திறந்த வாய்க்குப் பக்கத்தில் எதையும் சோதிக்க வேண்டாம், பெட்ரோல் ஆவி விளையாட்டு இல்லை.

அந்தக் குறைந்த மின்சாரம்தான் இதன் பெரிய பலவீனமும். பத்து இழை இருக்க வேண்டிய வயரில் ஒரே ஒரு இழை மிச்சம் இருந்தாலும் ஓமில் பார்த்தால் ஜம்மென்று இருக்கும், மீட்டர் ஏமாந்துவிடும். பல்பு மீட்டரைவிட அதிக மின்சாரம் இழுக்கும், அதனால் மோசமான இணைப்பைக் கண்டுபிடிக்க அது உதவும். பழைய இண்டிகேட்டர் ஹோல்டரில் சில வாட் 12 வோல்ட் பல்பு ஒன்றைப் போட்டு இரண்டு வயர் விட்டால் டெஸ்ட் லாம்ப் தயார். முன்பு கழற்றிய பேட்டரி நெகட்டிவை மறுபடி மாட்டிவிட்டு, பாசிட்டிவிலிருந்து பல்பு வழியாகச் சந்தேகப்படும் எர்த்தில் வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும், மங்கினால் அந்த எர்த் சரியில்லை. இதைப் பின்பக்கம் செய்யப் பாசிட்டிவிலிருந்து நீளமாக ஒரு வயர் இழுக்க வேண்டும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதில் ஒரு ஃபியூஸ் போட்டுக்கொள்ளுங்கள். டேங்க் கனெக்டர் பக்கத்தில் பல்பை வைத்து விளையாடாதீர்கள், பாடியில் எர்த் போல்ட் இருக்கும் இடத்தில் போதும்.

எமரித் தாளால் துருவை எடுத்து, வயர் முனைக்குப் புது லக், அதாவது போல்ட்டில் மாட்டும் உலோக வளையம் போட்டு, போல்ட்டை முடுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினேன். சாவியைப் போட்டதும் முள் மெதுவாக, மிக மெதுவாக எஃப் வரைக்கும் ஏறியது. அந்தக் காலத்து மீட்டர்களுக்குள் சூடானால் வளையும் உலோகப் பட்டைதான் முள்ளைத் தள்ளுகிறது, அதனால் உடனே குதிக்காது. சோதிக்கும்போது ஒரு நிமிடமாவது பொறுத்திருங்கள்.

ஹீட் முள்ளுக்கும் இதே மீட்டர் போதும், ஆனால் வரிசை வேறு. முதலில் எஞ்சின் உண்மையிலேயே சூடாகிறதா என்று பார்க்க வேண்டும், முள்ளைக் குறை சொல்வது அப்புறம். கூலண்ட் அளவு, ஃபேன், தெர்மோஸ்டாட் மூன்றையும் பாருங்கள், சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீர்கள். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் வைத்திருப்பவர்கள் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் கருப்பு டேப் ஒட்டி, டேப்பைக் குறிவைத்துப் பாருங்கள், பளபளக்கும் அலுமினியத்தில் நேராக வைத்தால் சூட்டைக் குறைத்துத்தான் காட்டும். எஞ்சின் சரி, முள் மட்டும் மேலே என்றால் எஞ்சின் சூட்டை அளக்கும் சென்சாரின் வயரைக் கழற்றுங்கள். முள் கீழே வந்துவிட்டால் சந்தேகம் சென்சார் மேல். வயரைக் கழற்றிய பிறகும் மேலேயே நின்றால் வயர் எங்கோ பாடியில் உரசுகிறது, இல்லையென்றால் மீட்டரிலேயே கோளாறு. சென்சாரைக் கழற்றிச் சுடுதண்ணீரில் முனையை மட்டும் வைத்து ஓம் பாருங்கள், தண்ணீர் சூடாகச் சூடாக எண் சீராக இறங்க வேண்டும். இன்னொன்று, ஒற்றை வயர் சென்சாருக்கு அதன் மரைதான் எர்த். லீக் ஆகக் கூடாது என்று வெள்ளை டெஃப்லான் டேப்பைச் சுற்றோ சுற்று என்று சுற்றி மாட்டினால் எர்த் அறுந்து முள் எழும்பவே எழும்பாது. புது சென்சாரும் வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள் இதை முதலில் பார்க்கவும்.

பெட்ரோல் முள், ஹீட் முள் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே பக்கம் தப்பாகக் காட்டினால் ஃப்ளோட்டையும் சென்சாரையும் விட்டுவிடுங்கள், இரண்டுக்கும் பொதுவாக இருப்பதைப் பாருங்கள். ஸ்மித்ஸ் மீட்டர் வைத்த பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் போர்டுக்குப் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் ஒன்று இருக்கும், சராசரியாக 10 வோல்ட் கொடுக்கும். அதன் உடம்புக்கு எர்த் போனால் பேட்டரி வோல்ட் முழுதாகப் பாய்ந்து இரண்டு முள்ளும் மேலே போகும். இங்கேதான் இந்த 830 தடுமாறுகிறது. ஸ்டெபிலைசர் விட்டுவிட்டுத்தான் மின்சாரம் கொடுக்கும், திரையில் எண்கள் சம்பந்தமில்லாமல் குதிக்கும், ஒன்றும் புரியாது. பல்பை வைத்தால் விட்டுவிட்டு எரிவது கண்ணுக்கே தெரியும்.

இனி குறைகள். தானாக அணையாது, மறந்தால் 9 வோல்ட் பேட்டரி காலி. அந்த பேட்டரி இறங்கும்போது அளவைக் கூட்டிக் காட்டும், அதனால் வேலை தொடங்கும் முன் நல்ல வண்டி பேட்டரியில் வைத்துப் பாருங்கள், ஓய்ந்திருக்கும்போது 12.6-ஐ ஒட்டியும் எஞ்சின் ஓடும்போது 14-ஐ ஒட்டியும் வர வேண்டும், 16 என்று வந்தால் முதலில் மீட்டருக்குள் பேட்டரியை மாற்றுங்கள். 10 ஆம்பியர் துளைக்கு ஃபியூஸ் கிடையாது, சிவப்பு வயர் அங்கே இருக்கும்போது பேட்டரியில் வைத்தால் நேரடி ஷார்ட், வயர் உருகும். கூட வரும் வயர்கள் மட்டம், வெயிலில் விறைத்துப்போய் முனைக்குள் அறுந்துவிடுகின்றன, சிலிக்கான் உறை போட்ட வயர் தனியாக வாங்கிவிடுங்கள். உடம்பில் 750 வோல்ட் என்று என்ன அச்சடித்திருந்தாலும் வீட்டு 230 வோல்ட் லைனில் இதை நான் வைக்க மாட்டேன், நீங்களும் வேண்டாம்.

வாங்கும்போது கடையிலேயே 200 ஓமில் வைத்து இரண்டு முனையையும் அழுத்திப் பிடித்து, வயரை வளைத்து ஆட்டி, குமிழை நான்கைந்து தரம் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். எண் ஒரே இடத்தில் நிற்காமல் ஓடினால் அதை வைத்துவிட்டு வேறு ஒன்று எடுத்துத் தரச் சொல்லுங்கள்.