ஓதோ நாணயம் வாங்குகிறீர்களா? முதலில் தாடைக்குக் கீழே பாருங்கள்

ரோம மாகாண நாணயங்கள் சேர்ப்பவர்கள், முக்கியமாக எகிப்தின் அலெக்ஸாந்திரியாவில் அடித்த டெட்ராடிராக்ம் (நான்கு டிராக்மா மதிப்புள்ள காசு) வாங்குபவர்கள், இதைப் படித்துவிட்டுப் பணம் அனுப்புங்கள்.

ஓதோ ரோமை ஆண்டது கி.பி. 69இல், ஜனவரி முதல் ஏப்ரல் வரை, மூன்றே மாதம். அதனால் அவர் காசு அரிது, விலையும் அதிகம். அவருக்கு முன் ஆண்ட கால்பாவின் காசு அந்த அளவுக்கு அரிதல்ல. ஆன்லைனில் ஒருவர் தேய்ந்த காசு ஒன்றை ஓதோ என்று போட்டிருந்தார். ஓதோ பொய்முடி வைத்திருந்ததாக ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார், காசில் முடி அடர்த்தியாக இருக்கிறதே, அதுதான் அடையாளம் என்றார். நம்பி எட்டு மாதச் சேமிப்பைக் கொடுத்தேன்.

வந்த காசைக் காய்ச்சி வடித்த நீரில் இரண்டு நாள் ஊறவைத்தேன். கழுத்துக்கு முன்னால் அடைத்திருந்த மண் கரைந்தது. லென்ஸில் பார்த்தால் ஆங்கில ‘எல்’ போல ஒரு குறி. எகிப்துக் காசுகளில் அதற்கு ‘ஆண்டு’ என்று பொருள். பக்கத்தில் நேராக ஒரு கோடு, அதன் வலப்புறம் இரண்டு வயிறு. பீட்டா! கிரேக்க எழுத்துகளில் இரண்டாவது, எண்ணாக எழுதினால் 2. அதாவது இரண்டாம் ஆண்டு.

எகிப்தில் ஆட்சியாண்டு ஆகஸ்ட் 29 அன்று மாறும். ஏப்ரலிலேயே செத்துப்போன ஓதோவுக்கு ஏது இரண்டாம் ஆண்டு? அவர் காசில் முதல் எழுத்தான ஆல்ஃபா, அதாவது 1, மட்டும்தான் வரும். 68 ஜூனில் பதவிக்கு வந்த கால்பாவுக்கு ஆகஸ்ட் கடைசியிலேயே இரண்டாம் ஆண்டு பிறந்துவிட்டது. பின்பக்கம் இருந்த, தலைக்கவசம் அணிந்த ரோமா தேவியும் உதவாது, இரண்டு பேர் காசிலும் அவள் உண்டு.

விற்றவரிடம் கேட்டேன். “அது சிதைந்த ஆல்ஃபா” என்றார். சரி, ஆல்ஃபாவுக்கு நேர்க்கோடு எங்கிருந்து வந்தது என்று பெரிய படம் அனுப்பினேன். அப்புறம் பேச்சு மாறியது: “காசு அசல்தானே, அதற்குத்தான் சான்றிதழ் கொடுத்தேன்.” பணம் திரும்பவில்லை. எனக்கு இதுதான் ஆறவில்லை. போலியைத் தள்ளிவிட்டால்கூட எடையிலும் ஓரத்திலும் பிடித்துவிடலாம். இது அசல் காசு, பெயர்தான் பொய்.

ரோம மாகாணக் காசுகளின் பட்டியல் நூலான ‘ரோமன் ப்ரொவின்ஷியல் காயினேஜ்’ முதல் தொகுதி கி.மு. 44 முதல் கி.பி. 69 வரை எடுத்துக்கொள்கிறது, இணையத்தில் இலவசமாகவே தேடலாம். நான் வாங்கிய பிறகுதான் திறந்தேன். நீங்கள் முன்னாலேயே திறந்து ஆண்டெழுத்தை ஒப்பிடுங்கள். தாடைக்குக் கீழே வெளிச்சம் விழும்படி ஒரு படம் கேளுங்கள், தர மறுத்தால் விட்டுவிடுங்கள்.

போன வாரம் அதே ஆள் இன்னொரு ‘ஓதோ’வைப் போட்டிருக்கிறார். அதிலும் கழுத்துக்கு முன்னால் மண் அப்படியே இருக்கிறது.