இத்தாலிய வினைச்சேர்க்கைப் பாடத்தொகுப்பு: ஒரு மதிப்பீடு

இத்தாலிய மொழியில் திரிந்த வினையோடு (ஆளுக்கும் காலத்துக்கும் ஏற்ப மாறிய வினை) மூலவினை (அப்படி மாறாத அடிப்படை வடிவம்) சேரும் முறையை மட்டுமே கற்பிக்கும் இந்த இணையவழிப் பாடத்தொகுப்பு, சூத்திரங்களை அடுக்காமல் வாக்கியங்களிலிருந்தே தொடங்குகிறது. வொலேரே (விரும்புதல்), பொத்தேரே (இயலுதல்), தொவேரே (செய்தாக வேண்டியிருத்தல்) ஆகிய வினைகளின் பின் மூலவினை நேரடியாக வரும் என்பதைச் சுருக்கமாக முடித்துவிட்டு, 'கொமின்ச்சோ அ லெஜ்ஜெரே' (படிக்கத் தொடங்குகிறேன்) என்பதில் 'அ' வருவதையும், 'சேர்க்கோ தி லெஜ்ஜெரே' (படிக்க முயல்கிறேன்) என்பதில் 'தி' வருவதையும் ஏராளமான பயிற்சிகளால் மனத்தில் பதிக்கிறது. 'படிக்க' என்ற ஒரே வடிவத்தை வைத்துச் சமாளித்துப் பழகிய நமக்கு இடறும் இடம் இதுதான். 'அவனைப் பார்க்க விரும்புகிறேன்' என்பதற்கு, 'லோ' (அவனை) முன்னே வரும் 'லோ வொல்யோ வெதேரே', அது மூலவினையோடு ஒட்டும் 'வொல்யோ வெதேர்லோ' ஆகிய இரண்டுமே சரி என்று காட்டும் பகுதி மிகத் தெளிவானது. ஆனால், 'சோனோ தொவூத்தோ அந்தாரே' (நான் போக வேண்டியதாயிற்று) என்னும் இறந்தகால வாக்கியத்தில், பின்வரும் மூலவினையான 'அந்தாரே'யை (போதல்) ஒட்டியே 'எஸ்ஸெரே' ('இருத்தல்'; 'சோனோ' இதன் திரிந்த வடிவம்) துணைவினையாகத் தேர்வாகிறது என்பதை ஒற்றை வரியில் கடந்திருப்பது பெருங்குறை; கட்டணப் பாடத்தில் இவ்வளவு சிக்கனம் கூடாது.