சிஸ் ரெஸ்வெரட்ரால் தயாரிக்க: 254-ஆ, 365-ஆ, மொட்டைமாடி வெயிலா?

சிஸ் ரெஸ்வெரட்ராலை விலைக்குக் கேட்டுப் பாருங்கள், அதே மூலக்கூறின் இன்னொரு வடிவமான டிரான்ஸின் விலையே தேவலாம் என்று ஆகிவிடும். அதனால் சென்னைக் கல்லூரி ஆய்வுக்கூடங்களில் கட்டுப்படியாகும் வழி ஒன்றுதான்: டிரான்ஸை வாங்கி, எத்தனாலில் கரைத்து, ஒளியில் காட்டி நாமே மாற்றிக்கொள்வது. திராட்சைத் தோலிலும் நிலக்கடலையிலும் உள்ள இந்த ஆக்சிஜனேற்றத் தடுப்பியின் நடுவே ஓர் இரட்டைப் பிணைப்பு இருக்கிறது. புறஊதா பட்டதும் அந்த இடத்தில் மூலக்கூறு திரும்பிக்கொள்கிறது. C14H12O3 என்ற வாய்பாடு அப்படியே இருக்கும். எந்த ஒளியில் காட்டுவது என்பதில்தான் வழக்கு.

டி.எல்.சி. (மெல்லடுக்கு நிறப்பிரிகை) தகடு பார்க்கும் புறஊதா விளக்குப் பெட்டியில் 254, 365 என இரண்டு அலைநீளங்களுக்கு இரண்டு பொத்தான்கள் உண்டு. பலரும் 254 நானோமீட்டரைத்தான் அழுத்துவார்கள், ஆற்றல் அதிகம் என்ற நம்பிக்கையில். முதல் சிக்கல், அந்த ஒளி சாதாரணக் கண்ணாடிக் குப்பிக்குள் நுழையவே நுழையாது. குவார்ட்ஸ் கலம் வேண்டும். கலம் கிடைத்தாலும், அந்த அலைநீளத்தைச் சிஸும் நன்றாக உறிஞ்சும். உருவான சிஸ் மறுபடி டிரான்ஸாகத் திரும்ப, மாற்றம் பாதி வழியில் தேங்கிவிடும். கண்ணுக்கும் தோலுக்கும் கேடு வேறு.

என் கட்சி 365. டிரான்ஸின் உறிஞ்சல் உச்சம் ஏறக்குறைய 306 நானோமீட்டரில். அதன் வால் பகுதி 365 வரை மெல்லியதாக நீளுகிறது. சிஸின் உச்சமோ 286-ஐ ஒட்டி இருப்பதால் அதன் வால் இவ்வளவு தூரம் எட்டுவதே அரிது. ஆகவே ஒருமுறை சிஸானது பெரும்பாலும் சிஸாகவே தங்கிவிடும். பத்தில் எட்டு, ஒன்பது பங்கு மாறுவது இயல்பு. போரோசிலிகேட் குப்பியே போதும். கரைசலை நீர்க்கக் கலந்து ஆழமில்லாமல் பரப்பி வைத்தால் வேலை சீக்கிரம் முடியும்.

வெயில்? அக்கினி நட்சத்திரத்து நண்பகலில் சென்னை மொட்டைமாடியைவிட மலிவான விளக்கு கிடையாது, வேகத்துக்கும் குறைவில்லை. ஆனால் சித்திரையில் வந்த எண் ஐப்பசி அடைமழையில் வராது. எத்தனாலும் சூட்டில் ஆவியாகிச் செறிவைக் கெடுக்கும். மாணவர்களுக்குச் செய்துகாட்டச் சரி, ஆய்வேட்டில் எழுத உதவாது.

எந்த ஒளியானாலும் எப்போது நிறுத்துவது என்பது முக்கியம். கரைசல் தொடக்கத்திலும் முடிவிலும் நிறமற்றதுதான், கண்ணை நம்ப முடியாது. அவ்வப்போது சிறிது எடுத்து நிறமாலை பாருங்கள்: 306 மேடு தணிந்து 286 பக்கம் நகர்வது தெளிவாகத் தெரியும். நகர்வு நின்ற பிறகும் காட்டிக்கொண்டே இருந்தால் சிஸ் வளையமாகிப் பினாந்திரீன் வகைச் சேர்மங்களாகிவிடும். நிறமாலையோடு, கலவையின் கூறுகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவியிலும் ஓட்டிவிடுவது நல்லது.

இன்னொன்று: ஒப்பிட வைத்திருக்கும் டிரான்ஸ் கரைசலைப் பழுப்புக் குப்பியில் ஊற்றி அலுமினியத் தாள் சுற்றி வையுங்கள். ஜன்னலோரத்தில் திறந்து கிடந்தால் அதுவும் தன் பாட்டுக்குச் சிஸாகிக்கொண்டிருக்கும்.