கடலடிக் கேபிளா, மலைமேல் நீரா? இலங்கை மின்சாரத்தின் முன்னால் இரண்டு வழிகள்

2025 சித்திரைப் புத்தாண்டு நேரம் கொக்குவிலில் அக்கா வீட்டில் நின்றேன். விடுமுறையில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பூட்டிக் கிடக்கும், மின்சாரத் தேவை குறைந்துவிடும், ஆகவே வீட்டுக்கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பகலில் அதை நிறுத்தி உதவ வேண்டும் என்று நாடு முழுவதற்கும் அறிவித்திருந்தார்கள். அத்தான் விறாந்தைச் சுவரில் இருந்த இன்வேர்ட்டரின் சுவிட்சை இறக்கினார். பச்சை விளக்கு அணைந்தது. முற்றத்தில் கால் வைக்க முடியாத வெயில். கூரையில் தகடுகள் பளபளத்தபடி வேலையில்லாமல் கிடந்தன. “இந்த வெயிலை ராத்திரி ஏழு மணிக்குக் கொண்டுபோக ஏலுமெண்டால் எல்லாம் சரி, தம்பி” என்றார் அத்தான்.

2022 மார்ச் கடைசியில் இதே வீட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தார்கள். மூன்று வருடத்துக்குள் பற்றாக்குறைக் கவலையோடு மிச்சக் கவலையும் வந்து சேர்ந்துவிட்டது. 2030இல் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க வழியில் வரவேண்டும் என்பது நாட்டின் இலக்கு. அதற்கு அத்தானின் கேள்விக்கு விடை வேண்டும்.

இரண்டு விடைகள் மேசையில் இருக்கின்றன. ஒன்று, பாக்கு நீரிணைக்குக் கீழால் இந்தியாவுக்குக் கேபிள் போட்டு மிச்சத்தை விற்பது, குறைந்தால் வாங்குவது. மற்றது, மிச்சத்தை நாட்டுக்குள்ளேயே சேமிப்பது: மகா ஓயாவில் 600 மெகாவாட் நீரேற்று மின்நிலையம், அதோடு உப மின்நிலையங்களில் பெரிய பற்றரிகள். கெரவலப்பிட்டியில் திரவ எரிவாயு என்று மூன்றாவது பேச்சும் உண்டு. அதுவும் டொலர் கொடுத்து வாங்கி எரிப்பதுதான் என்பதால் இங்கே அதை எடுக்கவில்லை.

முதலில் நோய் என்ன என்று பார்ப்போம். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று பட்டதில் தொடங்கிய கோளாறு, முற்பகலில் முழு நாட்டின் மின்சாரத்தையும் நிறுத்தியது. நுரைச்சோலை நிலக்கரி நிலையமும் விழுந்து, அடுத்த நாட்களிலும் சுழற்சி முறையில் மின்வெட்டு. குரங்கைப் பற்றித்தான் உலகமே பேசியது. விஷயம் குரங்கு அல்ல. ஞாயிறு முற்பகலில் தேவை குறைவு, சோலார் அதிகம், ஓடிக்கொண்டிருந்த பெரிய சுழலிகள் கொஞ்சம்.

அம்மாவின் தையல் மெசினை நினைத்துப் பாருங்கள். காலை எடுத்த பிறகும் அந்த இரும்புச் சக்கரம் கொஞ்ச நேரம் சுற்றும், ஊசியும் இரண்டு தையல் போடும். அணைக்கட்டுகளிலும் அனல் நிலையத்திலும் உள்ள சுழலிகள் மின்வலையமைப்புக்கு அந்தச் சக்கரம் மாதிரி. எங்கோ ஒன்று நின்றுபோனாலும் சில விநாடிகள் தாக்குப்பிடித்து, மற்றவை கைகொடுக்க நேரம் வாங்கித் தரும். சோலாருக்குச் சக்கரம் இல்லை. ஆக நோய் இரண்டு: நண்பகல் மிச்சம் இரவுக்குப் போவதில்லை, சக்கரத்தின் பாரமும் குறைந்துகொண்டு வருகிறது.

இனிக் கேபிள். இந்தப் பேச்சு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. 2010இல் ஒரு உடன்படிக்கை கைச்சாத்தானது, அசைவில்லை. 2025 ஏப்ரல் 5இல் மோடி கொழும்பு வந்தபோது இன்னொன்று கைச்சாத்தானது. பழைய வரைபடத்தில் மதுரையிலிருந்து அநுராதபுரம் வரை சுமார் 285 கிலோமீற்றர், அதில் 50 கிலோமீற்றர் அளவுதான் கடல். முதலில் 500 மெகாவாட், பிறகு 1,000.

கேபிள் கேட்பவர்களின் வாதம் லேசானதல்ல. இலங்கையினது, உச்சத் தேவை 3,000 மெகாவாட் அளவே உள்ள சிறிய வலையமைப்பு. இந்தியாவின் உச்சம் 2024 மே மாதக் கடைசியில் 250,000 மெகாவாட். பெரியதோடு சேர்ந்தால் சிறியது ஆடாது என்கிறார்கள். நாம் கரண்ட் இல்லாமல் இருந்த அதே பெப்ரவரி 9ஆம் திகதி, லித்துவேனியா, லத்வியா, எஸ்தோனியா மூன்றும் ரஷ்ய வலையமைப்பை விட்டு ஐரோப்பிய வலையமைப்போடு சேர்ந்தன. ஆனால் அவை ஆடலோட்டத்தில் (ஏசி) ஒரே துடிப்போடு, அதாவது ஒரே அதிர்வெண்ணில், சேர்ந்தவை, ஐரோப்பாவின் சக்கரப் பாரம் அவற்றுக்கும் கிடைக்கிறது. நமக்குப் பேசப்படுவது நேரோட்டக் (டிசி) கேபிள். அதில் மின்சாரம் வரும், சக்கரத்தின் பாரம் தானாக வராது. ஒரு நன்மை, அந்தப் பக்கத்துத் துடிப்பின் குழப்பமும் தானாகத் தாவி வராது. 2012 யூலையில் வட இந்தியாவிலும் கிழக்கு இந்தியாவிலும் 60 கோடிப் பேருக்கு மேல் கரண்ட் இல்லாமல் இருந்தார்களே, அப்படி ஒன்று நேரோட்ட இணைப்பின் வழியாக அப்படியே நம்மேல் கவிழாது.

நேரோட்டக் கேபிளுக்கே உரிய ஆபத்தும் உண்டு. இன்று நம் வலையமைப்பில் ஒரே அடியாக விழக்கூடிய பெரிய அலகுகளுக்கு உதாரணம், நுரைச்சோலையின் மூன்று 300 மெகாவாட் அலகுகளில் ஒன்று. கேபிளில் 500 மெகாவாட் இறக்குமதியாகிக்கொண்டிருக்கும்போது அது அறுந்தால், விழுவது அதைவிடப் பெரிது. 2024 நத்தார் தினத்தில் பின்லாந்துக்கும் எஸ்தோனியாவுக்கும் இடையிலான கேபிள் ஒன்று சேதமாகி, திரும்ப வர 2025 யூன் ஆனது. ஆறு மாதம்!

எனக்கு இதைவிடப் பெரிய கேள்வி, அந்தக் கேபிளில் எது வரும், எப்போது வரும் என்பது. நாடுகள் மின்சாரம் பகிர்வது எங்கே நன்றாக நடக்கிறது என்று பார்த்தால், இரு பக்கமும் வித்தியாசமாக இருக்கும் இடங்களில்தான். நேபாளத்தில் மழைக்காலத்தில் ஆறு நிரம்பி மின்சாரம் மிஞ்சும், பங்களாதேஷில் அப்போது தேவை இருக்கும். 2024 ஒக்டோபரில் காத்மாண்டுவில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டு, இந்தியாவின் கம்பிகள் வழியாக 40 மெகாவாட் போக வழி செய்தார்கள். யூன் நடுவிலிருந்து நவம்பர் நடுவரை மட்டும், அலகுக்கு 6.4 அமெரிக்க சதம். சின்ன அளவுதான், ஆனால் ஒருவரின் மிச்சம் இன்னொருவரின் குறையை நிரப்புகிறது. பூட்டான் மழைக்காலத்தில் இந்தியாவுக்கு விற்கிறது, குளிர்காலத்தில் வாங்குகிறது. நோர்வேயின் நீருக்கும் ஜேர்மனியின் காற்றுக்கும் நடுவில் 1,400 மெகாவாட் கேபிள் 2021இலிருந்து ஓடுகிறது.

நமக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையில் என்ன வித்தியாசம்? ஒரே நேர வலயம், ஒரே சூரியன். நம் கூரைகளில் மிச்சம் வரும் அதே நண்பகலில் அங்கேயும் மிச்சம். முப்பந்தலிலும் கயத்தாறிலும் காற்றாலைகள் சுழலும் வைகாசி முதல் புரட்டாதி வரையான அதே தென்மேற்குக் காற்றில்தான் மன்னாரும் சுழல்கிறது. இந்திய மின்சாரச் சந்தையில் நண்பகலில் ஒரு அலகின் விலை இரண்டு மூன்று இந்திய ரூபாவுக்கு இறங்கும், மாலையில் உச்சவரம்பான 10 ரூபாவைத் தொடும் நாட்கள் உண்டு. அப்படியானால் நண்பகலில் மலிவாக விற்று, இரவில் விலை கொடுத்து வாங்குவோம். இரவில் வாங்குவதும் பெரும்பாலும் நிலக்கரி மின்சாரம். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து கரூருக்குப் பக்கத்துப் புகளூர் வரை 6,000 மெகாவாட் நேரோட்டப் பாதை இருக்கிறது. நிலக்கரிப் பூமியின் மின்சாரம் அதில் தெற்கே வருகிறது. அது கடல் தாண்டி வந்தால், நம் கணக்குப் புத்தகத்தில் புகை இருக்காது, வானத்தில் இருக்கும். காலநிலைக்காகச் செய்கிறோம் என்று சொல்லி இதைச் செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, சேமிப்பு. நீரேற்று நிலையத்தின் வேலை எளிது. மேலே ஒரு நீர்த்தேக்கம், கீழே ஒன்று. நண்பகல் மிச்சத்தில் தண்ணீரை மேலே ஏற்றுவது, இரவு ஏழு மணிக்குத் திறந்துவிடுவது. ஏற்றி இறக்குவதில் நூற்றுக்கு இருபது இருபத்தைந்து அலகு கரைந்துபோகும். ஆனால் அந்தச் சுழலிகள் இரும்புச் சக்கரங்கள். அத்தான் கேட்ட விடை, தையல் மெசின் கேட்ட விடை இரண்டும் ஒரே இடத்தில். இருக்கிற மகாவலி அணைகளாலேயே இதைச் செய்யலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஓரளவு செய்யலாம். ஆனால் விக்டோரியாவிலும் ரந்தெனிகலவிலும் உள்ள தண்ணீர் கீழே வயலுக்குப் போகவேண்டிய தண்ணீரும்கூட. வயலின் கணக்கும் மின்சாரத்தின் கணக்கும் ஒத்துப்போகாத நாட்கள் வரும்.

மகா ஓயாவின் குறை, காலம். மலைக்குள் குடைந்து முடிக்கப் பல ஆண்டுகள் வேண்டும், மலைநாட்டு மண்சரிவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அதுவரைக்கும் பற்றரி. விலை வேகமாக இறங்கிக்கொண்டிருக்கிறது, இடம் கிடைத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் நிற்கும், எந்த ஊர் உப மின்நிலையத்துக்குப் பக்கத்திலும் வைக்கலாம். சரியான இன்வேர்ட்டர் போட்டால் சக்கரத்தின் வேலையிலும் ஒரு பங்கு செய்யும். ஆனால் பொதுவாக வைக்கும் பற்றரி நாலைந்து மணித்தியாலத்துக்கு மேல் தாங்காது. இங்கேதான் கேபிளுக்கு நியாயமான இடம் வருகிறது: மாசி, பங்குனி. மழை பெய்யாமல் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வற்றி, காற்றும் இல்லாத அந்த வாரங்களை எந்தப் பற்றரியும் நிரப்பாது. இன்று அதை நிரப்புவது எண்ணெய். எண்ணெயைவிடக் கேபிள் நல்லது, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மன்னார் மக்களை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. தீவின் தெற்குக் கரையில் 30 காற்றாலைகளோடு 100 மெகாவாட் தம்பபவனி 2020 கடைசியில் திறக்கப்பட்டது. இன்னும் வேண்டாம் என்று 2025 ஓகஸ்டில் மக்கள் தெருவில் இறங்கினார்கள். மழைவெள்ளம் வடிந்தோடும் வழி அடைபடுகிறது, கடற்றொழில் பாதிக்கப்படுகிறது, கனிய மணல் அகழ்வும் சேர்ந்து வருகிறது என்பவை அவர்கள் முறைப்பாடு. பூநாரைகள் வந்திறங்கும் இடமும் அது. கேபிள் வந்தால் மன்னார், நாட்டின் தேவைக்கு மட்டுமல்ல, ஏற்றுமதிக்கும் காற்று பிடிக்கும் இடமாகிவிடும். தேவைக்கு ஒரு எல்லை உண்டு, ஏற்றுமதிக்கு அந்த எல்லை இல்லை. சேமிப்பு வழியில் அந்த நெருக்கடி குறைவு, ஏனென்றால் இருக்கிற கூரைகளிலிருந்தே இன்னும் எடுக்கலாம்.

இந்தியாவோடு சேராதே என்று நான் சொல்லவில்லை. சேர்வதற்கு வேறு வடிவங்களும் உண்டு, அவை நம் கண்முன்னால் நடக்கின்றன. சம்பூரில் 500 மெகாவாட் நிலக்கரி நிலையம் கட்ட இருந்தார்கள். 2006இல் ஓடி, ஒன்பது வருடம் முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்து திரும்பி வந்த சனங்களின் ஊர் அது. 2016இல் அது கைவிடப்பட்டு, இன்று அதே இரு நாடுகளின் கூட்டில் 120 மெகாவாட் சோலார் வருகிறது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் இந்தியாவின் நன்கொடைப் பணத்தில் 1,700 கிலோவாட் சோலார், 530 கிலோவாட் காற்று, 2,400 கிலோவாட் மணிப் பற்றரி என்று 2024இல் ஒப்பந்தமானது. முதலில் சீன நிறுவனம் ஒன்றுக்குக் கொடுபட்டிருந்த வேலை அது, இந்தியா ஆட்சேபித்த பிறகு கைமாறியது. குறிகாட்டுவானில் படகுக்கு நிற்கும் நெடுந்தீவுச் சனத்துக்கு யார் தருகிறார்கள் என்பதைவிட, ராத்திரி ஐஸ் பெட்டி ஓடுமா என்பதுதான் கேள்வி. இரண்டு மூன்று வருடம் அந்தக் கேள்வி அப்படியே நின்றது.

கேபிள் விஷயத்திலும் அந்த நிழல் விழும். சீன முதலீடு கலந்த நீர்மின் திட்டங்களின் மின்சாரத்தை நேபாளத்திடமிருந்து இந்தியா வாங்குவதில்லை. நம் மண்ணில் யாருடைய பணத்தில் காற்றாலை நிற்கிறது என்பதும் ஒருநாள் அப்படிக் கேட்கப்படலாம். கையில் சேமிப்பு உள்ளவன் அந்தப் பேச்சில் பொறுத்திருந்து பேரம் பேசலாம். இல்லாதவன் மாலை ஆறு மணிக்கு முன் ஒப்புக்கொள்ள வேண்டும்.

அதனால் என் வரிசை இது: பற்றரி இப்போதே, மகா ஓயா அதோடு சேர்த்துத் தொடங்க வேண்டும், கேபிள் பிறகு. கேபிளும் 500 மெகாவாட்டோடு நிற்கட்டும். துடிப்பு விழும்போது விநாடிக்குள் மின்சாரம் தரக்கூடிய, நேரோட்டத்தை ஆடலோட்டமாக்கும் புதிய வகை மாற்றி நிலையம் அதற்கு வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதவேண்டும். மாசி பங்குனிக்கு வாங்கும் மின்சாரம் எந்த நிலையத்திலிருந்து வருகிறது என்பதையும் எழுதவேண்டும். ராஜஸ்தானின் சோலாரைப் பற்றரியில் வைத்து இரவில் விற்கும் காலம் அங்கே தொடங்கிவிட்டது, அதைக் கேட்டு வாங்கலாம். மன்னாரில் எத்தனை காற்றாலை என்பதை கேபிளின் அளவு தீர்மானிக்கக் கூடாது, அந்தத் தீவுச் சனத்தோடு பேசி முதலில் எண்ணைக் குறிக்கவேண்டும்.

அத்தான் பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு சுவிட்சைத் திரும்பப் போட்டார். பச்சை விளக்கு எரிந்தது. அதற்குள் அக்கா குசினி லைட்டைப் போட்டுவிட்டா.