காஸில் கூமா, லேகாக் கிராமமா: பஸ்ஸை விட்டால் என்ன ஆகும்?

லண்டனிலிருந்து ஒரே நாளில் போய் வர ஒரு பழைய இங்கிலாந்துக் கிராமம் சொல்லுங்கள் என்றால், வில்ட்ஷயரில் இரண்டு பெயர்கள் அடிபடும்: காஸில் கூம், லேகாக். இரண்டுக்கும் சிப்பன்ஹாமில்தான் ரயிலை விட்டு இறங்க வேண்டும். லண்டன் பாடிங்டன் ரயில் நிலையத்திலிருந்து ஒன்றேகால் மணி நேரம். போன வருடம் முதலாவதுக்குத் தனியாகப் போனேன். இந்த வருடம் அம்மாவோடு இரண்டாவதுக்கு. இனி யாரை அழைத்துப் போனாலும் லேகாக்தான்.

அழகுக்கு மட்டும் போட்டி வைத்தால் காஸில் கூம் ஜெயிக்கும், அதில் சந்தேகமில்லை. ஓடை, கல்பாலம், தேன்நிறக் கல் வீடுகள், நடுத்தெருவில் 14ஆம் நூற்றாண்டுச் சந்தை மண்டபம். பாலத்தில் நின்று யார் படம் எடுத்தாலும் நன்றாக வரும். தேவாலயத்துக்குள் ஒரு பழைய கடிகாரம்: முகப்பு கிடையாது, முள் கிடையாது, நேரம் தெரிய மணியோசைதான்.

சரி, அப்புறம்? எனக்கு முக்கால் மணி நேரத்தில் ஊர் முடிந்துவிட்டது. பஸ் அங்கே அபூர்வம். ஒன்றைத் தவறவிட்டேன், அடுத்ததற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன், பாதி நேரம் தூறலில். சிப்பன்ஹாம் பத்து கிலோமீட்டர்தான், ஆனால் வளைந்து போகும் அந்தக் குறுகிய சாலையில் நடக்கத் துணிச்சல் வரவில்லை. கார் இருந்தாலும் நிறுத்துமிடம் மேட்டில். இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப ஏற வேண்டும். அம்மாவின் முழங்காலை நினைத்தபோதே அந்த ஊர் பட்டியலிலிருந்து போய்விட்டது.

லேகாக்கில் தரை பெரும்பாலும் சமம், பஸ்ஸும் அடிக்கடி வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் நேரம் பார்த்துக் கிளம்புங்கள். அதைவிட முக்கியம், பஸ்ஸை விட்டாலும் பொழுது போகும். ஊர் மொத்தமே நாலு தெரு. 1944இல் மெட்டில்டா டால்பட் என்ற அம்மையார் அங்குள்ள பழைய மடாலயத்தையும் ஊரையும் சேர்த்து, பழைய இடங்களைப் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குக் கொடுத்துவிட்டார். அதனால் தெருவில் மின்கம்பி, ஆன்டெனா எதுவும் கண்ணில் படாது. தெருக்களைச் சுற்றக் காசில்லை. மடாலயத்துக்குச் சீட்டு வாங்க வேண்டும், விலை சற்று அதிகம்தான். ஆனால் மழை பிடித்துக்கொண்டால் அந்தக் காசு வீணில்லை.

1232இல் சால்ஸ்பரி சீமாட்டி ஈலா கன்னியர் மடமாகத் தொடங்கியது அது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்த பிறகு வீடானது. அந்த வீட்டில் ஒரு ஜன்னலை 1835 ஆகஸ்டில் புகைப்படக்கலை முன்னோடி ஃபாக்ஸ் டால்பட் காகிதத்தில் படமாகப் பதித்தார். இன்று மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய புகைப்பட நெகடிவ் அதுதான். பதித்த புதிதில் பூதக்கண்ணாடி வைத்தால் ஏறக்குறைய 200 கண்ணாடிச் சதுரங்களை எண்ண முடிந்தது என்று அவரே குறித்திருக்கிறார். அந்த ஜன்னல் இன்றும் அங்கேயே இருக்கிறது. அம்மா சதுரங்களை எண்ண ஆரம்பித்து, நாற்பதில் விட்டுவிட்டார். நாங்கள் பிடிக்க வேண்டிய பஸ் அதற்குள் போய்விட்டது. ரொட்டிக்கடைக்குப் போனோம்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்: நான் காஸில் கூம் போனது கோடை நடுப்பகலில், கூட்டத்தில். கூட்டம் வருவதற்கு முன் அதிகாலையில் காரில் போய் இறங்குபவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம். குளிர்காலத்தில் இரண்டையும் பார்த்ததில்லை.